பூந்தமல்லியிலிருந்து ஏன் தொடங்கினார்கள்?

அம்பத்தூரில் குடியிருந்துகொண்டு கட்டுமானத் துறையில் வேலை பார்ப்பதால், தெரு முனையில் பூ வாங்க நின்றால்கூட யாராவது மெட்ரோவைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு மாமா கேட்டது இது: “ஏம்மா, கூட்டமெல்லாம் தி.நகர்லயும் மயிலாப்பூர்லயும் இருக்கு. லைனை எதுக்கு பூந்தமல்லியிலேருந்து ஆரம்பிச்சாங்க? அங்க யாராவது பெரிய ஆள் இருக்காரா?”

மாமாவின் சந்தேகத்தைத் தப்பு சொல்ல முடியாது. சென்னையின் மேற்குப் புறநகர் எல்லாவற்றிலும் கடைசியில் நின்று பழகிய பகுதி. அம்பத்தூர் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. அதற்குப் பிறகும் ஒரு மழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீரைப் பார்த்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட பக்கத்துக்கு ஒன்று முதலில் வருகிறதென்றால் பின்னால் ஏதோ செல்வாக்கு இருக்கும் என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் இதை விளக்கச் செல்வாக்கு தேவையே இல்லை. எந்த வேலைக்கு முன்னால் எந்த வேலை முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனால், பூந்தமல்லி தானாகவே வரிசையின் முன்னால் வந்து நின்றுவிடும்.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நான்காவது வழித்தடம் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை, 26.1 கிலோமீட்டர். கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சுரங்கம். கோடம்பாக்கம் பவர் ஹவுஸுக்கு மேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் உயர்பாதை. பணிமனை, அதாவது ரயில்கள் இரவில் நிற்கிற, கழுவுகிற, பழுது பார்க்கிற டிப்போ, பூந்தமல்லியில். இந்த மூன்று விஷயம் தெரிந்தால் போதும், விடை பாதி வந்துவிட்டது.

மெட்ரோ ரயில் பெட்டி தண்டவாளத்தில் ஓடி வந்து சேர்வதில்லை. ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து டிரெய்லர் லாரியில், சாலை வழியாக வருகிறது. வந்ததும் இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் தண்டவாளம் போட்டிருக்க வேண்டும். மேலே மின்கம்பி இழுத்து அதில் மின்சாரம் ஏறியிருக்க வேண்டும். ஓட்டுநர் இல்லாத ரயில் என்பதால் சிக்னலும் ரயிலும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று பார்க்க ஒரு சோதனைப் பாதை வேண்டும். இத்தனையும் டிப்போவுக்குள்தான் முடியும். ஆகவே டிப்போ இல்லாமல் ரயில் இல்லை. ரயில் இல்லாமல் சோதனை இல்லை. சோதனை இல்லாமல் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையரின் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் ஒரு பயணிகூட ஏற முடியாது. சுரங்கம் தோண்டி முடிக்க எப்படியும் கூடுதல் காலம் பிடிக்கும். டிப்போவை ஒட்டியிருக்கும் உயர்பாதை அதற்கு முன்பே தயாராகிவிடும்.

நடந்ததும் அப்படியே. 2024 அக்டோபரில் முதல் ரயில் டிப்போவுக்குள் சோதனைப் பாதையில் நகர்ந்தது. 2025 மார்ச் 20 அன்று டிப்போவை விட்டு வெளியே வந்து முல்லைத்தோட்டம் வரை போனது. அந்த ஆண்டு ஜூனில் போரூர் வரை. முதல் கட்டத்திலும் இதே கதைதான். 2015 ஜூன் 29 அன்று சென்னையில் முதல் மெட்ரோ ஓடியது கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு. கோயம்பேட்டில்தான் டிப்போ. அண்ணா சாலைக்கு அடியில் ரயில் ஓட அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஆயின.

மாமாவிடம் இதைச் சொன்னபோது, “அப்ப தேதி முக்கியமில்ல, எதுக்கு எது காத்திருக்குங்கறதுதான் முக்கியம்னு சொல்லு” என்றார். என் தொழிலை அவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நான் பிளானிங் இன்ஜினியர். ஒரு திட்டத்துக்கு அட்டவணை போடுவது என் வேலை. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அட்டவணை என்றால் தேதிகள்: இது ஜனவரியில் தொடங்கும், அது மார்ச்சில் முடியும் என்று வரிசையாக நீளும் பட்டைகள். தேதி என்பது விடை மட்டும்தான். கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வேலையையும் எடுத்துக்கொண்டு, இதைத் தொடங்க எது முடிந்திருக்க வேண்டும், இது முடிந்தால் எது தொடங்கலாம் என்று இணைத்துக்கொண்டே போக வேண்டும். இணைப்பு சரியாக இருந்தால் தேதி தானாக வரும். இணைப்பு தப்பாக இருந்தால் தேதி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் ஆசை.

இந்த முறைக்கு வயது எழுபதுகூட ஆகவில்லை. 1957இல் அமெரிக்காவில் டுபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் யூனிவாக் கணினியில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். கிரிட்டிக்கல் பாத் என்று நாங்கள் சொல்வது அங்கிருந்து வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக பெர்ட் என்ற இன்னொரு முறையைக் கொண்டுவந்தது. எனக்கு அவர்களைவிடப் பிடித்தவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் ஃபாண்டல். 1961இல் அவர் எழுதிய அறிக்கை, கட்டுமானக்காரர்கள் கணினியே இல்லாமல் இதைச் செய்வது எப்படி என்பதைப் பற்றியது. வேலையை ஒரு கட்டமாகப் போடு, காத்திருப்பைக் கோடாக இழு, பென்சில் போதும் என்றார். இன்று பிரைமாவெராவிலும் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டிலும் நாங்கள் செய்வது அடிப்படையில் அவர் காட்டிய வழிதான்.

பென்சில்கூட இல்லாமல் இதைச் செய்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். திருமுல்லைவாயிலில் என் சித்தி மகன் வீடு கட்டினான். மேஸ்திரி விழுப்புரம் பக்கத்துக்காரர். மனையைப் பார்க்க வந்த அன்றே அவர் சொன்ன முதல் வார்த்தை: “தம்பி, போரை மொதல்ல போட்டுடுங்க. அஸ்திவாரம் எழும்பிட்டா ரிக் வண்டி உள்ள வராது.” கட்டுமானத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பது ஒரு காரணம். வண்டி நுழைய இடம் இருக்கும்போதே நுழைந்துவிட வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம். இந்த இரண்டாவது காரணத்தை எந்தப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் போட மாட்டார்கள்.

ரூஃப் போடுவதற்கு முந்தைய வாரம் அங்கே போயிருந்தேன். செண்ட்ரிங் பலகை அடித்து முடிந்திருந்தது. கம்பி கட்டுகிறவர்கள் கீழ்க் கம்பியைப் பரப்பிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி எலெக்ட்ரீஷியனை போனில் விரட்டிக்கொண்டிருந்தார். கம்பி வேலை முழுதும் முடியட்டுமே, பிறகு வரட்டும் என்று தம்பி சொன்னான். மேஸ்திரி அவனைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். “இந்தக் கம்பிக்கு மேலதான் பைப்பு ஓடணும். ஃபேன் பாக்ஸ் பலகை மேல உக்காரணும். மேல் கம்பி கட்டினப்புறம் வந்தான்னா கம்பியை நெம்பித்தான் உள்ள விடுவான். நெம்பின கம்பி திரும்பி அதே எடத்துல நிக்காது தம்பி.”

அட்டவணையில் நாங்கள் பலரும் போடுவது எப்படி? ‘கம்பி கட்டுதல்’ என்று ஒரு பட்டை, அது முடிந்ததும் ‘மின்குழாய்’ என்று இன்னொரு பட்டை, பிறகு ‘கான்கிரீட்’. தாளில் பார்க்க ஒழுங்காக இருக்கும். தளத்தில் அது நடக்கவே நடக்காது. ஏனென்றால் கம்பி கட்டுவது ஒரு வேலை அல்ல, இரண்டு. கீழ்க் கம்பி, மேல் கம்பி. நடுவில் வேறொரு ஆள் நுழைந்து தன் வேலையை முடித்துவிட்டு வெளியேற வேண்டும். எனக்குத் தெரிந்து வேலைகளைப் பிரிப்பதற்கு நம்பகமான விதி இது ஒன்றுதான்: வேறொருவர் உள்ளே வரும் இடத்தில் பட்டையை உடை. ஒரே ஆள் தொடர்ந்து செய்யும் வேலையை நூறு துண்டாக நறுக்கினாலும் பயனில்லை. கை மாறும் இடம் ஒன்றை விட்டுவிட்டால் அங்கேதான் வேலை நிற்கும்.

கான்கிரீட் போட்ட பிறகு வருவது வேறு வகைக் காத்திருப்பு. ஆள் தேவையில்லை, நாள்தான் தேவை. ஐ.எஸ். 456 தரவிதிப்படி, சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வாங்கும் பிபிசி போன்ற கலப்பு சிமென்ட் என்றால் 10 நாள். தளத்துக்கு அடியில் இருக்கும் முட்டுகளை, சாதாரண சிமென்ட் கணக்கில், தாங்கல்களுக்கு இடையிலான தூரம் 4.5 மீட்டருக்குள் என்றால் 7 நாள் கழித்தும், அதற்கு மேல் என்றால் 14 நாள் கழித்தும் எடுக்கலாம். 6 மீட்டரைத் தாண்டும் பீமுக்கு 21 நாள். தம்பி வீட்டில் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். கீழே அறை முழுக்க முட்டு. ஒரு ஆள் குனிந்துகூடப் போக முடியாது, பூசு வேலை எங்கே தொடங்குவது? மேஸ்திரி அந்த ஆட்களை ஒரு நாள்கூட சும்மா உட்கார வைக்கவில்லை. அத்தனை பேரையும் சம்ப்பும் செப்டிக் டேங்கும் கட்ட அனுப்பிவிட்டார். அந்த வேலைகளை அதுவரை அவர் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்தது எதற்கு என்று அப்போதுதான் தம்பிக்குப் புரிந்தது. நாங்கள் ஃப்ளோட் என்று சொல்லும் அந்த இடைவெளியை, தள்ளிப்போனாலும் கேடில்லாத வேலைகளுக்கு இருக்கும் அந்தத் தாராளத்தை, அவர் இப்படிச் செலவழிக்கிறார்.

எல்லாக் காத்திருப்புகளும் ஒரே மாதிரி கெட்டியானவை அல்ல. கான்கிரீட் இறுகுவது இயற்கை. ஆளைக் கூட்டி அதை அவசரப்படுத்த முடியாது. கீழ்த்தளப் பூச்சு முடிந்த பிறகே மேல்தளப் பூச்சு என்பது அப்படியல்ல. ஒரே கொத்தனார் குழு இருப்பதால் வந்த வரிசை அது. இன்னொரு குழு கிடைத்தால் இரண்டும் ஒன்றாக நடக்கும். மூன்றாவது வகை, ‘எப்பவும் இப்படித்தான் செய்வோம்’ என்பதால் வந்தது. அட்டவணையில் மூன்றுக்கும் ஒரே கோடுதான். அதனால்தான் நான் என் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரு வரி எழுத வேண்டும். வேலை தாமதமாகி, ‘ஆளைக் கூட்டுங்க, ராத்திரியும் வேலை செய்யுங்க’ என்று மேலிடத்திலிருந்து சொல்லும்போது அந்த ஒரு வரிதான் காப்பாற்றும். எந்தக் கோட்டை ஆளைப் போட்டு வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்று அப்போது தெரிந்திருக்க வேண்டும். தொடக்கூடாததைத் தொட்டால் தளம் இறங்கும்.

இனி மெட்ரோ தூணுக்கு வருவோம். குமணன்சாவடி, கரையான்சாவடி பக்கம் போனவர்கள் சாலை நடுவே நீலத் தகரத் தடுப்புக்குள் மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்ததைப் பார்த்திருப்பார்கள். உள்ளே நடப்பது ஒரு நீளமான வரிசை. முதலில் சோதனைக் குழி. அதில் மின் கேபிள், குடிநீர்க் குழாய், தொலைபேசிக் கம்பி எது தென்பட்டாலும் அதற்கு உரிய துறைக்குச் சொல்லி, அது இடம் மாறிய பிறகுதான் ரிக் இறங்கும். துளை போட்டு, கம்பிக் கூட்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட்டை ஏற்ற வேண்டும். இப்படி நிலத்துக்குள் இறங்கும் ஒரு பைலுக்கு, அதாவது தூணைத் தாங்கும் அடித்தூணுக்கு, கான்கிரீட் போட்டதும் ஒட்டியிருக்கும் அடுத்த பைலை உடனே துளைக்கக் கூடாது. முந்தையது இறுகாமல் அதிர்ந்துவிடும். அதனால் ரிக் ஒன்று விட்டு ஒன்றாகத் தாவித் தாவிப் போகும். பிறகு பைலின் தலையை உடைத்துச் சமப்படுத்தி, சோதித்து, மேலே பைல் கேப், அதன் மேல் தூண், தூணுக்கு மேல் தொப்பி. அதற்கப்புறம்தான் பாதையைத் தாங்கும் கர்டர்.

இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக. ஆனால் கர்டர் மட்டும் இந்த வரிசையில் காத்திருப்பதில்லை. தூண் எழும்பும் அதே மாதங்களில் வேறெங்கோ ஒரு வார்ப்பு முற்றத்தில் அது வார்க்கப்பட்டு, இறுகி, அடுக்கப்பட்டு நிற்கிறது. முன்வார்ப்பு முறையின் பெரிய லாபம் வேகம் என்று சொல்வார்கள். நான் அதை இப்படிச் சொல்வேன்: ஒரு நீண்ட காத்திருப்பைச் சங்கிலியிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

அந்தச் சங்கிலியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரையிலான பகுதி. நான்காவது வழித்தடமும், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் ஐந்தாவது வழித்தடமும் அங்கே ஒரே தூணில் மேலும் கீழுமாகப் போகின்றன. ஏறத்தாழ 3.75 கிலோமீட்டர், நான்கு நிலையங்கள். தாளில் இவை இரண்டு தனித் திட்டங்கள். முடிய வேண்டிய காலமும் வேறுவேறு. ஆனால் தூணுக்கு அது தெரியாது. பூந்தமல்லி ரயில் அந்த வழியாக வடபழனிக்குப் போக வேண்டுமென்றால், மாதவரம் ரயிலின் பாரத்தையும் தாங்கும்படி அந்தத் தூண் அப்போதே கட்டப்பட்டாக வேண்டும். ரயில் ஓட ஆரம்பித்த பாதைக்கு மேலே பிறகு பளுதூக்கி நிறுத்தி கர்டர் ஏற்றுவது எவ்வளவு சிக்கல் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வழித்தடத்தின் அவசரம் இன்னொன்றின் வேலையை முன்னுக்கு இழுக்கிறது. ஆர்க்காடு சாலையில் நெரிசலில் நிற்கும்போது எரிச்சல் வருவது இயல்பு. அங்கே இரண்டு திட்டங்களின் அட்டவணைகள் ஒரே கம்பத்தில் கட்டப்பட்டிருக்கின்றன என்பதையும் தெரிந்துகொண்டு நிற்கலாம்.

காத்திருப்பு எப்போதும் ‘அது முழுதும் முடிந்தால்தான் இது’ என்றும் இருப்பதில்லை. உயர்பாதை முழுதும் முடிந்த பிறகு தண்டவாளம் போட ஆரம்பித்தால் வருடம் ஓடிவிடும். ஒரு நீட்டம் தளம் கைக்கு வந்ததும் தண்டவாளக் குழு அதில் இறங்கும்; அவர்கள் கொஞ்சம் முன்னேறியதும் பின்னால் மின்கம்பி இழுப்பவர்கள்; அவர்களுக்குப் பின்னால் சிக்னல் குழு. ஆனால் ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது. முந்தினால் இரண்டு குழுவும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதேபோல் கடைசியில் வரும் சோதனைகளுக்கு முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் முடித்திருக்க வேண்டும். ரயில்வேயின் ஆராய்ச்சி, தர அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. வந்து ரயிலின் அதிர்வையும் வேகத்தையும் அளப்பதும், பாதுகாப்பு ஆணையர் ஆய்வதும் வரிசையின் நுனியில் இருப்பவை. முன்னால் யார் எவ்வளவு தாமதித்தாலும் அந்த நுனியில் இருக்கும் நாட்களைத்தான் நறுக்கச் சொல்வார்கள். இதில் நான் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். திறப்பு விழா தள்ளிப்போகலாம், சோதனை நாட்கள் குறையக் கூடாது.

சென்னையில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு காத்திருப்பு உண்டு: வானம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மழைக்காலத்தில் சாலையை வெட்ட மாநகராட்சி அனுமதி தருவதை நிறுத்திவைப்பது வழக்கம். இதை அட்டவணையில் சரியாகப் போடாதவர்கள் பத்து நாள் தாமதத்தைப் பத்து நாள் தாமதம் என்றே நினைப்பார்கள். செப்டம்பர் கடைசியில் முடிய வேண்டிய குழாய் வேலை பத்து நாள் தள்ளிப்போனால் அது ஜனவரிக்குப் போய்விடும். குழாய்க்குக் காத்திருந்த சாலையும், சாலைக்குக் காத்திருந்த பேருந்துத் தடமும் சேர்ந்து போகும். வீடு கட்டுகிறவர்களுக்கு ஆடியும் மார்கழியும் இப்படித்தான். ஆடி பிறப்பதற்குள் நிலை வைக்க முடியவில்லையென்றால் அந்த வீட்டில் நிலை வைப்பு ஆவணிக்குத்தான். இதை மூடநம்பிக்கை என்று அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டுப் பிறகு ஏன் தாமதம் என்று கேட்பதில் அர்த்தமில்லை. வீட்டுக்காரர் மதிக்கும் நாள் எதுவோ அது அந்த வீட்டின் நாட்காட்டி. பெரிய தளங்களில் பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்கள் ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போவதும் அதே நாட்காட்டியில் இருக்க வேண்டும்.

காகிதமும் ஒரு வேலைதான். இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2020 நவம்பரில். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபர் 3 அன்று. நடுவில் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள். புத்தக வரிசைப்படி ஒப்புதல் முதலில், வேலை பிறகு. தமிழ்நாடு அரசு ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் மாநிலத் திட்டமாகவே வேலையை நடத்தியது. நிதிச் சுமையின் பெரும்பகுதியைத் தானே தாங்கியது. ஒப்புதலுக்குக் காத்திருந்துதான் தொடங்குவது என்று முடிவெடுத்திருந்தால், 2024 அக்டோபரில் பூந்தமல்லி டிப்போவில் ரயில் நகர்ந்திருக்காது, சோதனைக் குழிதான் வெட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். காத்திருக்க வேண்டிய கோடு ஒன்றை, அதன் ஆபத்தைத் தெரிந்தே ஒருவர் தன் தோளில் ஏற்றிக்கொண்டால் எவ்வளவு காலம் மிஞ்சும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் என் வாழ்நாளில் நான் பார்க்கவில்லை.

அட்டவணையில் யாரும் போடாத ஒரு கோடும் இருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது பக்கத்து ரயில் நிலையமும் அதற்குப் போகும் நடைமேம்பாலமும் தயாராகவில்லை. பேருந்து நிலையத்தைக் கட்டி முடிக்க ரயில் நிலையம் தேவையில்லை. ஆனால் மூட்டையும் குழந்தையுமாக இறங்கும் பயணிக்கு அது தேவை. கட்டுகிறவருக்கு இல்லாத தொடர்பு, பயன்படுத்துகிறவருக்கு இருக்கிறது. பூந்தமல்லி வரிசையிலும் இந்தக் கோட்டை யாராவது வரைந்து வைக்க வேண்டும்: நிலையத்தில் இறங்குகிறவர் திருமழிசைக்கும் நசரத்பேட்டைக்கும் போக அந்த நேரத்துக்கு ஒரு சிற்றுந்து.

இப்போது மாமாவின் அடுத்த கேள்வி. “நமக்கு எப்பம்மா?” கோயம்பேட்டிலிருந்து முகப்பேர், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை 21.76 கிலோமீட்டருக்கு விரிவான திட்ட அறிக்கையை 2025 பிப்ரவரியில் மெட்ரோ நிறுவனம் அரசிடம் கொடுத்தது. 19 நிலையங்கள், 9,744 கோடி ரூபாய் மதிப்பீடு. ‘எப்போ’ என்பதற்கு நான் ஆண்டு சொல்ல மாட்டேன். எதற்கு எது காத்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

சி.டி.எச். சாலையை, அதாவது சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையை, அகலப்படுத்தும் பேச்சு எங்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். பாடியிலிருந்து திருநின்றவூர் வரை கடைக்காரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் அது தெரியும். மெட்ரோ தூண்கள் பெருமளவு அந்தச் சாலையிலேயே இறங்கப் போகின்றன என்றால், அகலப்படுத்துவதற்கு எடுக்கும் நிலமும் தூணுக்கும் நிலையப் படிக்கட்டுக்கும் எடுக்கும் நிலமும் ஒரே தடவையில் எடுக்கப்பட வேண்டும். ஒரே கடையை இரண்டு முறை அளந்து, இரண்டு முறை நோட்டீஸ் கொடுத்து, இரண்டு முறை இடிப்பது பணத்தை மட்டுமல்ல, அந்தக் குடும்பத்தின் நிம்மதியையும் தின்னும். மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடைக் குழாயும் மின் கேபிளும், தூண் வரப்போகும் நடுப்பகுதியை விட்டு ஓரமாகப் போக வேண்டும். இப்போது புதிதாகப் பதிக்கும் ஒவ்வொரு குழாய்க்கும் இது பொருந்தும். நாளைக்கு மெட்ரோ வந்து அதை மீண்டும் தோண்டி மாற்றினால், குமணன்சாவடியில் மாதக்கணக்கில் பார்த்த நீலத் தகரத்தை அம்பத்தூர் டன்லப்பிலும் ஆவடி செக்போஸ்ட்டிலும் அதைவிட நீண்ட காலம் பார்ப்போம். குழாய் போட்ட பிறகு சாலை, சாலை போட்ட பிறகு யாரும் வெட்டக் கூடாது என்பதை எங்கள் வார்டு கூட்டங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். தூண் எங்கே வரும் என்பதையும் இனி அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

பிறகு டிப்போ. இந்த வழித்தடம் கோயம்பேட்டில் இப்போது ஓடும் பாதையின் நீட்டிப்பாக அமைந்து, ரயில்களும் அங்கேயே தங்குமானால், முதலில் ரயில் வருவது பாடிக்கும் முகப்பேருக்கும். பட்டாபிராம் பக்கத்தில் தனியாக ஒரு டிப்போ கட்டுவார்களானால், பூந்தமல்லியைப் போல அந்த முனை முந்திக்கொள்ளலாம். இரண்டிலும் அம்பத்தூர் நடுவில்தான். டெண்டர் அறிவிப்பு வெளிவரும்போது நிலையங்களின் பெயரைத் தேடுவதற்கு முன் டிப்போவுக்கு எங்கே நிலம் என்று பாருங்கள், அதற்கான டெண்டர் உயர்பாதை டெண்டருக்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று பாருங்கள் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் அதைக் குறித்து வைத்துக்கொண்டார்.